டொக்டரைப் பேச வைத்த சனிக்கிழமை

பழிவாங்குவது பாவம் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களுக்கு யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று அர்த்தம். எனக்குச் செய்தார்கள். நானும் செய்தேன். அருவாளும் எடுக்கவில்லை, பில்லி சூனியமும் வைக்கவில்லை. ஒரு காப்புறுதிப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன், அவ்வளவுதான்.

அப்போது மாத்தளை டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் டிஸ்பென்சராக இருந்தேன். டொக்டர் சீட்டில் எழுதுவதைப் பார்த்து மருந்து கலக்கி, ஜன்னல் வழியாகக் கொடுக்கும் வேலை. என்னிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டிஸ்பென்சரி கூட்ட வந்தேன், போத்தல் கழுவினேன், போத்தலில் ஒட்டியிருந்த இங்கிலீஷைப் படித்துப் படித்து எட்டு வருஷத்தில் மருந்து கலக்குகிறவன் ஆனேன். பழைய அகராதி ஒன்று வைத்திருந்தேன். அட்டை போய், 'ஏ'யும் பாதி போய், 'பி'யிலிருந்துதான் தொடங்கும்.

இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முந்திய காலம் அது. வெள்ளைக்காரக் கொம்பனிகளின் ஏஜண்டுகள் தோல் பையோடு ஊர் ஊராகத் திரிவார்கள். எங்களிடம் வந்தவர் டவுன் கோயில் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழர். ஞாயிறு பூசைக்குப் போகிற அதே வெள்ளை ட்ரில் கோட்டில்தான் வியாபாரத்துக்கும் வருவார். வாயைத் திறந்தால் பழமொழி. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பழமொழி சொல்கிறவர் எதிரில் நான் வேலையை மறந்துவிடுவேன்.

டொக்டருக்குக் கேட்கப் பொறுமையில்லை. "இந்தா, இவன்கிட்டச் சொல்லுங்க. இவன் கேட்டு வச்சிட்டு எனக்குச் சொல்லுவான்" என்று உள்ளே போய்விட்டார்.

ஏஜண்ட் நோயாளிகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்து மூன்று விரலை நீட்டினார்.

"தம்பி, தொழில் பண்ற ஆளுக்கு மூணு பக்கத்தால அடி வரும். வாசப்படியில பாசி. நோயாளி வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டான்னு வையுங்க. அது வெளியாளுக்கு உங்க எடத்தால வந்த கேடு. அதுக்கு ஒரு பொலிசி."

"சரிங்க."

"உங்க கையில கண்ணாடிப் போத்தல் வெடிச்சு நரம்பு போயிருச்சு. அது வேலையாளுக்கு வேலையால வந்த கேடு. அதுக்கு வேற பொலிசி. முதல் பொலிசியைக் காட்டி இதுக்குக் கேட்டா, கொம்பனிக்காரன் சிரிப்பான்."

"மூணாவது?"

"மூணாவதுதான் தம்பி பெரிசு. படி சரி, போத்தல் சரி, ஆனா டொக்டரோட புத்தி பிசகிருச்சு. யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா? தொழில்ல வந்த பிழை. டொக்டர், வழக்குப் பேசுற புரொக்டர், கட்டடம் கட்டப் படம் போடுறவர், இவங்களுக்கெல்லாம் இதுதான் உசிர். இதுல ஒண்ணு கவனிக்கணும். டொக்டர் கைப்பிழைக்கு ஒரு கட்டணம். அவருக்குக் கீழ மருந்து கலக்குற ஆள் இருந்தா, அந்த ஆள் கைப்பிழையையும் சேர்க்கணும்னா கட்டணம் கூட."

படிவத்தை வைத்துவிட்டு, இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிப் போனார். அன்று மாலை டொக்டர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். படிக்கு ஒன்று வேண்டும் என்றார். வேலையாளுக்கானது வேண்டாம் என்றார். "உனக்கு என்ன ஆகப்போவுது? எருமை மாதிரி இருக்கே." மூன்றாவது வேண்டும் என்றார். அதில் ஒரு கேள்வி: உமது கீழ் மருந்து கலக்குபவர் உண்டா?

நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லைன்னு எழுது. எல்லாம் நானே கலக்குறேன்னு எழுது."

"ஐயா, அப்போ நான்?"

"நீ சான்றிதழ் இருக்கிற ஆளா? கணக்குல நீ கூட்டுற ஆள். எழுது."

நான் இல்லை என்று நானே எழுதினேன். எட்டு வருஷம் நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை என்று என் கையெழுத்திலேயே போயிற்று. ஏஜண்ட் வந்து மடித்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை.

பத்திரம் தபாலில் வந்தபோது டொக்டர் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. "நீ படிச்சு வை. தேவைப்பட்டாக் கேக்கிறேன்." மத்தியானச் சோற்றுக்குப் பிறகு டிஸ்பென்சரி சாத்தியிருக்கும் நேரத்தில், ஒரு மாதமாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எறும்பு எழுத்து. வசனம் ஒவ்வொன்றும் கண்டி ரயில் நீளம். ஆனால் ருசி பிடித்துவிட்டது. முன்பக்கத்தில் எல்லாம் தருகிறார்கள். பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சொல்வார்களே, மாமியார் போட்ட நகை மாமியார் பெட்டியிலேயே என்று. அதுதான்.

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன்.

அந்த நாளில் மருந்து வாங்க வருகிறவர்கள் போத்தலைத் தாங்களே கொண்டுவர வேண்டும். அவரவர் வீட்டில் அகப்பட்டது. பெரிய போத்தலுக்குப் பன்னிரண்டு வேளை, சின்னதற்கு நாலு வேளை. நான் காகிதத்தை மடித்துப் பல்பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். ஒரு பல் ஒரு வேளை. டொக்டருக்கு ஒரு பழக்கம். நோயாளியின் மடியிலிருக்கிற போத்தலை ஒரு பார்வை பார்ப்பார். வேளைக்கு இவ்வளவு என்று எழுதமாட்டார். அந்தப் போத்தல் முழுவதற்கும் சேர்த்து அளவு எழுதிவிடுவார். நேரம் மிச்சமாம்.

யட்டவத்தவிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வயிற்றுவலி என்று வந்தார். பாக்கு, கொக்கோ வாங்கி விற்கிற முதலாளியின் மனைவி. பக்கத்து வாங்கிலிருந்தவள் ஊசி போட உள்ளே போகும்போது தன் பெரிய போத்தலை, "கொஞ்சம் புடிங்க தாத்தா" என்று இவர் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் முஸ்லிம் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவோம். அவள் திரும்புமுன் இவர் முறை வந்தது, டொக்டர் அந்தப் போத்தலைப் பார்த்தார். பெரிய போத்தலுக்கு எழுதினார். என் ஜன்னலுக்கு வந்தது சின்னப் போத்தல்.

சீட்டைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. வலிக்குக் கொடுக்கிற அந்தச் சொட்டு மருந்து கொஞ்சம் கூடினாலும் பொல்லாதது. உள்ளே போய்க் கேட்டேன்.

"ஐயா, இது பெரிய போத்தலோட அளவு போல இருக்கு. அந்தம்மா குடுத்தது சின்னது."

"நான் கண்ணால பார்த்துத்தானே எழுதினேன்?"

"இல்லீங்க ஐயா, ஒருக்காப் பாத்துட்டு..."

"டொக்டர் நீயா, நானா? எழுதினதைக் கலக்கு, போ."

போனேன். கலக்கினேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை. கலக்கியது என் கைதான். மாட்டேன் என்று நின்றிருக்கலாம். எட்டு வருஷம் 'சரிங்க ஐயா' சொன்ன வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை.

ஒரு வேளையில் மூன்று வேளை மருந்து இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு நாக்கு உலர்ந்து, முகம் சிவந்து, கண் மணி விரிந்து, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் நாலு நாள். பிழைத்துக்கொண்டார். கண் பார்வை தெளிய மாதம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று.

மருந்து கொடுத்த மறுநாள் காலையே முதலாளி வந்தார். வாங்கு நிறைய ஆட்கள். "யா அல்லாஹ், மருந்து வாங்க அனுப்பினேனா, மவுத்தாக்க அனுப்பினேனா! எங்கே அந்த டொக்டர்?" என்று போட்ட சத்தத்தில் எதிர்க்கடை ஆட்களும் வந்துவிட்டார்கள். நான் சீட்டுக் கம்பியைப் பார்த்தேன். நேற்றைய சீட்டெல்லாம் குத்தியிருந்தது, அந்த ஒன்று மட்டும் இல்லை. டொக்டர் எனக்கு முன்னமே வந்திருக்கிறார்.

அவர் உள்ளேயிருந்து வந்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து மருந்து அறையிலிருந்து வெளியே இழுத்தார்.

"இவன்தான். படிக்காத மூதேவி. நான் ஒண்ணு எழுத, இவன் ஒண்ணு கலக்கியிருக்கான். விஷம் குடுத்தவன் இவன்தான். எல்லாரும் பாத்துக்கங்க!"

வாய் திறந்தேன். அதற்குள் வாசலுக்குத் தள்ளிவிட்டார். படியில் வழுக்கி, முழங்கை பிளந்து தெருவில் கிடந்தேன். சிரிக்காதீர்கள், அந்த நிலையிலும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இந்த விழுகை எந்தப் பொலிசியில் வரும்? தள்ளும்போது நான் வேலையாள். அந்தப் பொலிசியை அவர் எடுக்கவில்லை. தெருவில் விழுந்தபோது வேலை போய்விட்டது, ஆகவே வெளியாள். அது படிக்கான பொலிசி. நடுப்படியில் நான் யார்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து இறங்கியது. டவுனில் எந்த மருந்துக் கடையும் என்னை உள்ளே விடவில்லை. குழாயடியில் என் மனைவி குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. "அக்கா, ஒங்க வீட்டுக்காரர் ஊத்திக் குடுத்த தண்ணியா இது?" என்று ஒருத்தி கேட்டாளாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இவள் குடத்தை நிரப்பாமலே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றுதான் நான் முடிவெடுத்தேன். எனக்கு வேலை வேண்டும், அது இரண்டாவது. முதலாவது, அந்த மனிதர் என்னைத் தள்ளிய அதே இடத்தில், அதே கூட்டத்துக்கு முன்னால், பிழை தன்னுடையது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் சும்மா போகவும் கூடாது.

இரண்டரை மாதம் காத்திருந்தேன். ஒரு பிற்பகல் என் வீட்டு வாசலில் அவர் கார் வந்து நின்றது. கையில் ஒரு பிஸ்கட் டின்.

"எப்படி இருக்கே? கையெல்லாம் ஆறிருச்சா?"

"ஆறிருச்சுங்க ஐயா. தழும்புதான் இருக்கு."

நான் உட்காரச் சொல்லவில்லை. தானே உட்கார்ந்தார். விஷயம் மெல்ல வந்தது. முதலாளி புரொக்டர் மூலமாக நஷ்டஈடு கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். டொக்டர் ஏஜண்டைக் கூப்பிட்டு, பிழை டிஸ்பென்சர் மேல் என்று கொம்பனிக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். ஏஜண்டுக்கு வியர்த்துவிட்டதாம். "டொக்டர், எந்த டிஸ்பென்சர்? உங்க படிவத்துல அப்படி ஆளே இல்லையே. இப்படி எழுதினா, பொய் சொல்லி எடுத்த பொலிசின்னு கிழிச்சிருவாங்க. நீங்களே கலக்கினதா எழுதினாத்தான் தப்பிக்கலாம்."

"அதனால," என்றார் டொக்டர், பிஸ்கட் டின்னை என் பக்கம் நகர்த்தி, "கொம்பனி ஆள் வந்து விசாரிச்சா நீ அங்க கூட்டுற வேலைதான் பாத்தேன்னு சொல்லணும். மருந்தைத் தொட்டதே இல்லைன்னு சொல்லணும். ஒனக்கு ஒரு வழி பண்றேன்."

என் மனைவி உள்ளேயிருந்து, "வீட்டுல இனிப்பு யாரும் சாப்பிடுறதில்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன்: "சொல்றேங்க ஐயா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். சனிக்கிழமை காலையில, ஆள் நெறைஞ்ச நேரம் பாத்து வருவேன். பிழை உங்களோடதுன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லணும். என்னை 'இவர்'னு சொல்லணும். 'இவன்' கூடாது."

யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போடுகிற கணக்கு எனக்குத் தெரிந்தது: தானே கலக்கியதாகத்தானே கொம்பனிக்கு எப்படியும் எழுதப்போகிறார், ஊருக்கும் அதையே சொன்னால் என்ன, இரண்டும் ஒத்துப்போகுமே.

"சரி. மானம்தானே? சொல்லிட்டாப் போச்சு."

அந்தப் பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. எனக்கு மனப்பாடம். கொம்பனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல், காப்புறுதி எடுத்தவர் தன் பிழையை எவரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஈடு தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் கொம்பனிக்குப் பொறுப்பில்லை. கொம்பனிக்குள் உண்மை சொல்லலாம். ஊரில் வாய் திறக்கக் கூடாது. முதல் தடவை படித்தபோது, இதென்ன அநியாயம், மன்னிப்புக் கேட்கிறவனை உதைக்கிற சட்டமாக இருக்கிறதே என்று நினைத்தேன். இப்போது அந்த வசனத்தை எழுதிய வெள்ளைக்காரன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்றவனுக்கு இன்சூரன்ஸ் தெரியாது. ஆனாலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வியாழக்கிழமை பஸ் ஏறி யட்டவத்தவுக்குப் போனேன். முதலாளி பாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றார்.

"எந்த மூஞ்சியோட வந்தே? போ, போ, வெறி ஏறும் முன்ன போயிரு."

"நானா, திட்டுங்க. திட்டி முடிச்சிட்டு ஒண்ணு கேளுங்க. சனிக்கிழமை எட்டரைக்கு டிஸ்பென்சரிக்கு வாங்க. நாலு பேர் நம்புற மனுசர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. டொக்டர் வாயால ஒண்ணு கேப்பீங்க."

"என்னத்தைக் கேக்க?"

"கேட்டதை அப்படியே ஒங்க புரொக்டர்கிட்டச் சொல்லுங்க. அது போதும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "தண்ணி குடிக்கிறியா?" என்றார். யாரும் என்னிடமிருந்து தண்ணீர் வாங்காத நாட்கள் அவை. அவர் கொடுத்ததைக் குடித்தேன்.

சனிக்கிழமை வாங்கு கொள்ளாத கூட்டம். முதலாளி, பள்ளிவாசல் பெரியவர் ஒருவரையும் பாடசாலை மாஸ்டர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். டொக்டர் அவரைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார். நான் கீழ்ப்படியிலேயே நின்று அவரைப் பார்த்தேன். வரவேண்டியது வந்தது.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு அந்தம்மாவுக்கு மருந்து கூடினது என்னால. அளவு பிழைச்சது என் பிழை. இவ... இவர் மேல ஒரு குத்தமும் இல்லை."

கூட்டம் முதலில் என் பக்கம் திரும்பியது. பிறகு ஊசிக்கு வந்த ஒரு தோட்டத்து அம்மா, "அட சண்டாளா, அப்போ அந்தப் புள்ளயை ஏன்யா தள்ளிவிட்டே?" என்றாள். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். முதலாளி என்னைக் கடந்து போகும்போது தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் முதலாளியின் புரொக்டரிடமிருந்து இரண்டாவது கடிதம் போயிற்று: இன்ன நாள், இன்னாருக்கு முன்னால், பிழையை ஒப்புக்கொண்டீர். டொக்டர் அதையும் பெருமையாகக் கொம்பனிக்கு அனுப்பியிருக்கிறார், பாருங்கள் நான் ஒரே பேச்சுக்காரன் என்று. கொம்பனி பதில் ஒரு பக்கம்கூட இல்லையாம். நிபந்தனையின் இலக்கத்தைப் போட்டு, எமக்குப் பொறுப்பில்லை. அவ்வளவுதான்.

ஏஜண்ட் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க. அந்த நிபந்தனை உங்களுக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"தெரிஞ்சேதான் பேச வச்சீங்களா?"

"ஆமாங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அவருக்கு வாடிக்கை போயிற்று, பாவம். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க. நீங்க பின்பக்கத்தையே எடுத்துக்கிட்டீங்க" என்றார். கோபமா, மெச்சலா, இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முதலாளிக்குக் கேட்டது கிடைத்தது, டொக்டரின் சொந்தக் கையிலிருந்து. எனக்கு மாதம் முடிவதற்குள் ரத்தொட்டைப் பாதையில் வேறொரு டிஸ்பென்சரியில் வேலை கிடைத்தது. "அவரே சொன்னாராமே, உங்க பிழை இல்லைன்னு" என்றுதான் புது டொக்டர் பேச்சைத் தொடங்கினார். குழாயடியில் குடங்கள் பழைய இடத்துக்கு வந்தன.

என் மனைவி மட்டும் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுசன் என்னைக்கோ ஒரு நாள் உண்மை பேசினாரு. நீங்க அதுக்குத்தான் தண்டனை வாங்கிக் குடுத்தீங்க. பொய் சொன்னதுக்கு இல்ல."

அவள் சொன்னது சரி. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், சரிதான். பிறகு வருந்தினேன் என்று எழுதினால் வாசிக்கிற உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். வருந்தவில்லை. அந்த ஈட்டைக் கட்ட டொக்டர் கார் விற்ற அன்று வாங்கியவர் வந்து அதை ஓட்டிக்கொண்டு போனபோது, நான் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். டொக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கார் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் திரும்பி மறையும் வரைக்கும் நானும் பார்த்தேன். பிறகு கடைக்காரரிடம் இன்னொரு பிளேன்டி போடச் சொன்னேன், சீனி கொஞ்சம் கூட்டி.